ஜப்பானியப் பச்சை குத்தலும் அதன் பெயர்களும்

ஜப்பானிய மொழியில் பச்சை குத்துதலைச் சுட்டும் சொற்கள் பல. அவை ஒரு பொருளுக்குரிய வெறும் மாற்றுப் பெயர்கள் அல்ல. அனைத்தையும் ‘பச்சை’ எனப் பெயர்த்தால், இழிவு எங்கிருந்து வந்தது என்பது மறைந்துவிடும்.

‘இரெசுமி’ என்பது ‘இடுதல்’, ‘மை’ என்னும் இரு சொற்களின் கூட்டு. 1720இல், ஷோகுன் தொகுகவா யோஷிமுனேயின் ஆட்சியில், மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்கு மாற்றாக மை குத்தும் தண்டனை ஏற்கப்பட்டது. எடோ நகரில் திருடனின் இடக்கையில் பட்டைகள் குத்தப்பட்டன. சில பகுதிகளில் நெற்றியே குறிக்கு இடமாயிற்று. தண்டனைக் காலம் முடிந்தும் குறி அழிவதில்லை. சொல்லின் மீது படிந்த கறையும் அத்தகையதே.

தாமே விரும்பிக் குத்திக்கொண்டோர் ‘ஹொரிமோனோ’ என்றனர்; ‘செதுக்கிய பொருள்’ என்பது அதன் பொருள். மரக்கட்டை அச்சுப்படம் செதுக்குவோருக்கும் பச்சை குத்துவோருக்கும் ‘ஹொரிஷி’ என்ற பெயர் பொதுவாதல் தற்செயல் அன்று. சீனப் புதினமொன்றின் வீரர்களை உதகவா குனியோஷி 1827 அளவில் உடல் முழுதும் சித்திரம் பொறித்தவர்களாக அச்சுப்படங்களில் தீட்டினார். தீயணைப்போரும் தச்சரும் பல்லக்குத் தூக்குவோரும் அவற்றைத் தம் மேனியில் ஏற்றுக்கொண்டனர்.

தண்டனைக் குறி 1870இல் ஒழிந்தது. ஆனால், அயல்நாட்டார் அநாகரிகம் எனக் கருதுவர் என்றஞ்சிய மெய்ஜி அரசு 1872இல் ஹொரிமோனோவையே தடைசெய்தது. அந்த அயல்நாட்டாருள் ஒருவரான பிரிட்டானிய இளவரசர் ஜார்ஜ் 1881இல் ஜப்பானிலேயே பச்சை குத்திக்கொண்டார் என்பது வேடிக்கை. ரியூக்யூ மகளிரின் ‘ஹஜிச்சி’யும் 1899இல் தடைக்குள்ளாயிற்று. ‘ஊசிக் குத்து’ எனப் பொருள்படும் அது, குற்றத்தோடு சிறிதும் தொடர்பற்ற சடங்கு.

தடை 1948இல் நீங்கியும் இழிவு நீங்கவில்லை. 1960களின் யகூசா திரைப்படங்கள் சித்திர மேனியைக் குற்றக் கும்பலின் அடையாளமாக நிலைநிறுத்தின. பொதுக் குளியலகங்கள் பலவற்றின் அறிவிப்புகள் ‘இரெசுமி’யையும் ஆங்கிலவழிக் கடனான ‘தாத்தூ’வையும் சேர்த்தே விலக்குகின்றன. பச்சை குத்துதல் மருத்துவச் செயல் அன்று, அதற்கு மருத்துவர் உரிமம் வேண்டா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2020இல்தான்.

தனிசாகி ஜுன்இச்சிரோ 1910இல் தம் சிறுகதைக்கு ‘ஷிசெய்’ என்று பெயரிட்டார். அதன் இரு எழுத்துகள் ‘குத்துதல்’, ‘நீலமும் பசுமையும் ஆகிய நிறம்’ எனப் பொருள்படுவன. தமிழின் ‘பச்சை குத்துதல்’ இதற்கு மட்டுமே உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. எடோ நீதிமன்ற ஆவணத்து இரெசுமிக்குத் ‘தண்டக்குறி’ என்பதும், ஹொரிமோனோவுக்கு ‘மெய்ச்செதுக்கு’ என்பதும் ஏற்புடையன.