இரண்டங்குல நாடியும் ஐம்பது மாத்திரையும்: வாக்படரின் நாசார்சச் சிகிச்சை

ஆயுர்வேத நூலாகிய அஷ்டாங்க ஹிருதயத்துச் சூத்திர ஸ்தானத்தின் 30-ஆம் அத்தியாயத்தில், மூக்கினுள் வளரும் சதைக்குக் காரமிடும் முறையைக் கூறப் புகுந்த வாக்படர், நோயாளியைச் சூரியனுக்கு எதிர்முகமாக அமர்த்தி, நாசி நுனியைத் தூக்கிப் பிடித்து, ஐம்பது மாத்திரைக் காலம் காரத்தை நிறுத்திவைக்கும்படி விதிக்கிறார். இவ்விதியை ஆராய்ந்தோரிடையே இரு முடிபுகள் வேரூன்றியுள்ளன. சூரியாபிமுகம் என்பது வைதிகச் சடங்கின் எச்சம் என்பது ஒன்று; காரத்தால் சுட்டதோடு சிகிச்சை பூர்த்தியாயிற்று, ஆகவே நம் முன்னோர் இந்நோயை வேரோடு களைய வல்லவராயிருந்தனர் என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தா என்பது என் அபிப்பிராயம். பின்னது முன்னதினும் தீங்கு பயப்பது.

அதே இடத்தில் கண்ணிமை நோய்க்குக் காரமிடுவதும் சொல்லப்படுகிறது. இமையைப் புறம்திருப்பி, கருவிழியைப் பஞ்சால் மூடி, தாமரையிதழ் போன்ற மெல்லிய பூச்சாக இடவேண்டும் என்று அத்துணை நுட்பமாக எழுதியவர், அங்கே சூரியனைப் பேசவில்லை. புறம்திருப்பிய இமை வெளிச்சத்தில் தானே தெரியும். மூக்கின் குகையோ இருண்டது. நுனியைத் தூக்கிச் சூரியனை நோக்கச் செய்தால் ஒளி நேராக உள்ளே பாய்கிறது. காதில் வளரும் சதைக்கும் ‘அவ்வாறே’ என்று அடுத்து வருகிறதே, சூரியனை நோக்கி அமர்ந்தவன் செவிக்குள் ஒளி எப்படிப் புகும் என்று தடை எழுப்பலாம். இத்தடை கனமானதே. ‘அவ்வாறே’ என்பது மாத்திரைக் கணக்கை மட்டுமே தழுவியது என்று கொள்வதே நேரிது எனத் தோன்றுகிறது. செவியைச் சூரியன் பக்கம் திருப்பினார்கள் என்று கொள்ளினும் பழுதில்லை. எப்படிக் கொண்டாலும் சடங்கென்ற கொள்கைக்கு இவ்வரியால் பலம் கிடைக்கவில்லை.

பிற இடங்களுக்குப் பொதுவாக நூறு மாத்திரை விதித்தவர் மூக்கிற்குப் பாதியாகக் குறைத்தார். கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாகச் சொன்ன தொல்காப்பியர் கணக்கை இங்கே வைத்துப் பார்த்தால், ஐம்பது மாத்திரை ஒரு நிமிஷத்திற்கும் குறைவேயாம். யாப்பின் பொருட்டு எண் மாறிற்று என்போர்க்கு விடை கூறி ஏடுகளை நிரப்ப நான் விரும்பவில்லை. உள்மூக்கின் சவ்வு எத்துணை மெல்லியது என்பதை அறிந்த கையின் கணக்கு அது.

இனிக் கருவியைப் பார்ப்போம். 25-ஆம் அத்தியாயத்தில் நாசார்சம் என்னும் மூக்குச் சதைக்கென்று சொல்லப்பட்ட நாடி யந்திரம் என்னும் குழல் ஒரே பிளவுடையது; சுட்டுவிரல் பருமனும் இரண்டு அங்குல நீளமும் கொண்டது. அங்குலத்தை எப்படி அளந்தாலும் அது ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர்க்கு மேற்பட்டு உள்ளே செல்லாது. நாசிச் சதைகளில் பெரும்பாலானவை இரு கண்களுக்கும் இடையேயுள்ள சல்லடை எலும்பின் சிற்றறைகளிலும், நடு நாசிக் கதுப்பின் கீழுள்ள இடுக்கிலும் தோன்றிக் கீழிறங்குவன. ஆகவே நாடியின் வாயில் அகப்படுவது முன்னே தொங்கும் பகுதி மட்டுமே. தோற்றிடம் கண்ணுக்கும் காரத்துக்கும் எட்டாமல் நின்றுவிடுகிறது. வேரறுத்தார்கள் என்ற பெருமிதம் இவ்விரண்டங்குலத்தில் நொறுங்குகிறது.

வாக்படர் இதனை உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று சூத்திர ஸ்தானத்தில் இல்லை. அதன் முடிவிலிருந்து எழுபது அத்தியாயங்கள் தள்ளி, உத்தர ஸ்தானத்தின் 20-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சுட்ட பிறகு, இந்துப்பு, மனோசிலை, அரிதாரம், திப்பிலி, கொடிவேலி முதலியவற்றை அரைத்து நெய்யும் தேனும் கூட்டிய திரியை மூக்கிலிட்டு, முருங்கை முதலியவற்றாலான நசியம் என்னும் மூக்கு மருந்தையும் தொடரச் சொல்கிறார். சுடுதலோடு காரியம் முடிந்ததென்று கருதியவர் இதை எழுதியிரார். மனோசிலையும் அரிதாரமும் ஆர்செனிக் பாஷாணங்கள். அத்திரியை இன்று எவரும் மூக்கில் இடலாகாது. நான் கொள்வது சரக்கையன்று, சிகிச்சையின் கிரமத்தை.

ஆலம்பரைக் கோட்டையருகே வலை உலர்த்தும் கடப்பாக்கத்தார்க்கு இக்கிரமம் ஏட்டுச் செய்தியன்று. ‘மூக்குல சதை’ என்று செங்கல்பட்டுக்கோ புதுச்சேரிக்கோ சென்று ஆபரேஷன் செய்துகொண்டவர், மூச்சு விட முடிந்ததும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்திவிட்டு, சதை மீண்டும் வளர்ந்தபின் வைத்தியரை நோவது இக்கரையில் கேட்கக்கூடிய பேச்சே. எண்டாஸ்கோப் வழியாகச் சல்லடை அறைகளைத் திறப்பதன் பயன்களுள் முக்கியமானது, ஸ்டீராய்டு மருந்தும் உப்புநீர்க் கழுவலும் பிற்பாடு உள்ளே சென்று சேர்வதற்கு வழி செய்வதே. சவ்வின் அழற்சி கத்தியால் தீர்வதன்று. காய்ச்சி ஆறிய நீரில் கரைத்த உப்பால் நாள்தோறும் மூக்கைக் கழுவுவது, உப்பளங்களுக்குப் பேர்போன மரக்காணத்தின் அண்டையில் வாழ்வோர்க்குச் செலவும் அன்று. 2019-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசியோ எளியவர் கைக்கு எட்டாத விலையுடையது.

மூக்குச் சதையோடு ஆஸ்துமாவும் உடையோருள் சிலர்க்கு ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரை மூச்சிரைப்பை மூட்டி உயிருக்கே உலை வைக்கும். ஆதலால் கடைமாத்திரை வாங்கி விழுங்குமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம். இதற்கு இணையான குறிப்பொன்றை வாக்படரிடம் தேடி எடுத்து ஒட்டவைக்க முயல்வோர் உண்டு. அந்த வேலைக்கு இக்கட்டுரை உதவாது.