எத்தனை ஊசி, எவ்வளவு காலம்? சர்க்கரை நோயாளியின் விழித்திரை ஊசியும் அவருடைய எதிர்பார்ப்பும்

விழித்திரை நோய்க்காகக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் நோயாளி கேட்கும் முதல் கேள்வி அநேகமாக வலியைப் பற்றியது. அடுத்த கேள்வி, “போட்டா பார்வை வந்துருமா டாக்டர்?” என்பது. முதல் கேள்விக்கு நம் கண் மருத்துவமனைகளிடம் நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் அரைகுறையானது. எத்தனை முறை போட வேண்டும், எவ்வளவு காலம் வர வேண்டும், நடுவில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றாவது கேள்வியை நோயாளி கேட்பதில்லை. மருத்துவர்களும் தாமாக எடுத்துப் பேசுவது குறைவு. இந்தச் சிகிச்சையில் பார்வை நிலைப்பதும் போவதும் அந்த மூன்றாவது கேள்வியைப் பொறுத்தே பெருமளவு அமைகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். வயது முதிர்ச்சியால் வரும் மாகுலா சிதைவு, ரத்தநாள அடைப்பு ஆகியவற்றுக்கும் இதே ஊசிதான் என்றாலும், தமிழ்நாட்டில் மிகப் பரவலாக உள்ள சர்க்கரை நோய் விழித்திரைப் பாதிப்பை மையமாகக் கொண்டு இதைப் பேசுகிறேன்.

கண்புரை தந்த பழக்கம்

கண் சிகிச்சை என்றால் என்ன என்பதைத் தமிழ்நாட்டு மக்களுக்குக் கற்றுத் தந்தது கண்புரை அறுவை. 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். 1978இல் சென்னையில் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். அதன்பின் வந்த ஐம்பதாண்டு முகாம் பண்பாட்டில், கண் ஆஸ்பத்திரிக்குப் போவது என்பது ஒரே ஒரு பயணமாக மனத்தில் பதிந்துவிட்டது. வேன் ஏறிப் போனார்கள், ஆபரேஷன் நடந்தது, மறுநாள் கட்டைப் பிரித்ததும் பேத்தியின் முகம் தெரிந்தது. மங்கிப்போன லென்சை எடுத்துவிட்டுப் புதிய லென்ஸ் வைப்பதால் அது நடக்கிறது.

விழித்திரை நரம்புத் திசு. அதை மாற்றி வைக்க முடியாது. அதன் மையப் பகுதியான மாகுலாவில் நீர் கோத்து வீங்கியிருந்தால் வடிய வைக்கலாம். வீக்கத்தால் செத்துப்போன ஒளியுணர் செல்களைத் திரும்பக் கொண்டுவர இன்று எந்த மருந்தும் இல்லை. ஆனாலும் அதே கட்டடம், அதே சொட்டு மருந்து, அதே பச்சைத் துணி என்பதால் நோயாளி கண்புரைக் காலத்து எதிர்பார்ப்போடுதான் வந்து படுக்கிறார். இதை அவருடைய அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயம் அல்ல. அந்த எதிர்பார்ப்பு அரை நூற்றாண்டு அனுபவத்தில் விளைந்தது. அதைத் திருத்தும் பொறுப்பு சிகிச்சை தருபவருடையது.

பொறுப்பின் அளவும் சிறியதல்ல. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். 2005இல் வெளிவந்த சென்னை ஆய்வொன்று, நகரச் சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ 18 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் விழித்திரைப் பாதிப்பு இருந்ததைக் காட்டியது. அவர்கள் எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களில் மிகப் பலர் கண் மங்கிய பிறகுதான் வருகிறார்கள்.

மருந்து செய்வது

ஆக்சிஜன் குறைந்த விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து புது ரத்தநாளங்களை வரவழைக்கிறது என்று 1948இலேயே ஐசக் மைக்கேல்சன் ஊகித்தார். 1989இல் நெப்போலியோனே ஃபெராரா குழு, ரத்தநாளங்களை வளரவும் கசியவும் வைக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை இனங்கண்டது. அதைத் தடுக்கும் பெவாசிசுமாப் 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005இல் மயாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் அதைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். 2006இல் கண்ணுக்கென்றே உருவாக்கிய ரானிபிசுமாபும், 2011இல் அஃப்லிபெர்செப்ட்டும், 2022இல் ஃபாரிசிமாபும் அனுமதி பெற்றன. இவை எல்லாமே கசிவை அடக்குகின்றன. கசிவுக்குக் காரணமான சர்க்கரையை எதுவும் தொடுவதில்லை. மருந்து சில வாரங்களில் கண்ணிலிருந்து வெளியேறிவிடும். காரணம் இருந்துகொண்டே இருப்பதால் கசிவு திரும்ப வரலாம். ஊசியை மறுபடி மறுபடி போட வேண்டியிருப்பதன் காரணம் இவ்வளவுதான். இதை இரண்டு நிமிடத்தில் எந்த நோயாளிக்கும் விளக்கிவிடலாம்.

அந்தச் சில நிமிடங்கள்

ஊசி போடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரியாததால் வரும் பயம் தெரிந்தால் பாதியாகிவிடும். முதலில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்ததா என்று கேட்பார்கள். வந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கலாம். மரத்துப்போகும் சொட்டு மருந்தைச் சில முறை விடுவார்கள். அடுத்து இமை, இமைமுடி, கண்ணின் மேற்பரப்பு எங்கும் பொவிடோன் அயோடின் கரைசல். கிருமித் தொற்றைத் தடுப்பதில் இதற்கு இணை எதுவும் இல்லை. மறுநாள் வரை நீடிக்கும் உறுத்தலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம், ஊசி அல்ல. இமைகளை விரித்துப் பிடிக்க ஒரு கம்பிக் கருவி வைப்பார்கள். பலருக்கு எரிச்சலூட்டுவது அதுதான்.

ஊசி கருவிழிக்குள் போவதில்லை. கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதியில், லென்சுக்கும் விழித்திரைக்கும் சேதம் வராத ஓரிடத்தில் முடிபோல மெல்லிய 30 கேஜ் ஊசி இறங்குகிறது. வழக்கமான மருந்தின் அளவு 0.05 மில்லிலிட்டர், ஒரு சொட்டு என்று சொல்லலாம். நோயாளி உணர்வது ஓர் அழுத்தம். எல்லாம் முடிய ஐந்து நிமிடம்கூட ஆகாது. காத்திருக்கும் நேரம்தான் அரை நாள்.

ஊசி போட்ட கண்ணில் கறுப்பு வட்டம் ஒன்று மிதப்பதைப் பார்த்துப் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது மருந்தோடு உள்ளே போன சிறு காற்றுக்குமிழி. குமிழி கண்ணுக்குள் மேலே எழும்பி நிற்கும். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் நோயாளிக்கு அது கீழே கிடப்பதாகத் தோன்றும். ஓரிரு நாளில் கரைந்துவிடும். வெள்ளைப் பகுதியில் ரத்தச் சிவப்பாகத் திட்டு படர்வதும் அப்படித்தான். பார்க்கப் பயமாக இருக்கும், பார்வையைப் பாதிக்காது, ஒன்றிரண்டு வாரத்தில் மறையும்.

பயப்பட வேண்டியது வேறு. இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் வலி கூடிக்கொண்டே போய், சிவப்பும் ஏறி, பார்வையும் மங்கினால் அது கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நிலைமை அது. பெரிய தொகுப்பு ஆய்வுகளில் சுமார் 2,000 முதல் 3,000 ஊசிகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இது நேர்கிறது. ஒப்புதல் படிவத்தில் இது ‘மிக அரிது’ என்று எழுதப்படும். ஓர் ஊசிக்கு அது சரி. 2,500க்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால் 15 ஊசி போட்டுக்கொள்கிறவருக்கு அபாயம் ஏறத்தாழ 170க்கு ஒன்றாகிறது. இந்தக் கூட்டுக்கணக்கும் படிவத்தில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு யாரும் ஓடிவிட மாட்டார்கள்; ஊசியே போடாவிட்டால் வீக்கம் செய்யும் சேதம் அதைவிடப் பல மடங்கு. ஆனால் பத்தாவது ஊசிக்குப் பிறகும் அபாயக் குறிகளைக் கவனிக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். “தலைக்குக் குளிக்காதீங்க” என்பதை நம் வீடுகள் விடாமல் நினைவில் வைத்திருக்கின்றன. “வலி கூடினால் உடனே வாருங்கள்” என்பதை அந்த அளவுக்கு வைத்திருப்பதில்லை.

பார்வை எவ்வளவு வரும்

மாகுலா வீக்கத்துக்கு மூன்று மருந்துகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு, ‘புரோட்டோகால் டி’ என்று அறியப்படுவது, 2015இல் வெளிவந்தது. 660 பேர் பங்கேற்றனர். ஓராண்டு முடிவில் பார்வைப் பலகையில் சராசரியாக அஃப்லிபெர்செப்ட் 13 எழுத்தும், ரானிபிசுமாப் 11 எழுத்தும், பெவாசிசுமாப் 10 எழுத்தும் கூட்டின. பலகையில் ஒரு வரிக்கு ஐந்து எழுத்து. ஆக இரண்டிலிருந்து இரண்டரை வரி. தொடக்கத்தில் பார்வை 6/12 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களிடம் மூன்று மருந்துக்கும் வேறுபாடே தெரியவில்லை. 6/15 அல்லது அதைவிட மோசமாக இருந்தவர்களிடம் அஃப்லிபெர்செப்ட் முந்தியது. விலை உயர்ந்த மருந்துதான் நல்ல மருந்து என்ற பொது நம்பிக்கைக்கும், எல்லாம் ஒன்றுதான் என்ற அலட்சியத்துக்கும் இந்த ஒரே ஆய்வில் மறுப்பு இருக்கிறது.

சராசரி மறைப்பது நிறைய. முந்தைய ஓர் ஆய்வின் தரவை மறுபடி அலசியபோது, முதல் 12 வாரத்தில் பத்தில் நான்கு பேருக்கு ஐந்து எழுத்துகூடக் கூடவில்லை என்று தெரிந்தது. இவர்களைத்தான் நாம் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி பார்க்கிறோம். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் வீக்கம் வடிந்திருக்கும். மருத்துவர் முகம் மலரும். நோயாளிக்கோ பேருந்துப் பலகை முன்போலவே கலங்கித் தெரியும். “ஸ்கேன் நல்லா இருக்குன்னு சொல்றீங்க, எனக்குத் தெரியலையே” என்ற வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. மாகுலாவின் நுண்ணிய ரத்தநாளங்கள் அடைபட்டிருந்தாலோ ஒளியுணர் அடுக்கு ஏற்கெனவே சிதைந்திருந்தாலோ, நீர் வடிவதால் மட்டும் பார்வை வராது. அப்படிப்பட்டவருக்கு இருக்கும் பார்வை போகாமல் நிற்பதே பலன். இதை முதல் ஊசிக்கு முன் சொன்னால் அது தகவல்; மூன்றாவது ஊசிக்குப் பின் சொன்னால் அவர் காதில் அது சாக்காகத்தான் விழும்.

இடைவெளி என்ற நோய்

புரோட்டோகால் டி ஆய்வில் முதல் ஆண்டில் போடப்பட்ட ஊசிகள் 9 முதல் 10. இரண்டாம் ஆண்டில் 5 முதல் 6. அந்தப் பார்வைப் பலன் இத்தனை ஊசிக்கு உரியது. மூன்று ஊசியோடு நின்றவர் அதே பலனை எதிர்பார்க்க அடிப்படை இல்லை. ஆய்வு முடிந்து வழக்கமான சிகிச்சைக்குத் திரும்பியவர்களை ஐந்தாம் ஆண்டில் பார்த்தபோது, கிடைத்ததில் சுமார் ஐந்து எழுத்தை இழந்திருந்தார்கள்.

புது ரத்தநாளங்கள் முளைக்கும் முற்றிய கட்டத்தில் விஷயம் இன்னும் கடுமை. 2015இல் வெளியான ‘புரோட்டோகால் எஸ்’, இக்கட்டத்துக்கு வழக்கமாகச் செய்யப்படும் லேசர் சிகிச்சைக்கு ஊசி சளைத்ததல்ல என்று காட்டியது. ஆனால் ஐந்தாண்டு வரை வந்தவர்கள், இறந்தவர்களை நீக்கிப் பார்த்தால், மூன்றில் இரண்டு பங்கினர் மட்டுமே. அழைப்பும் நினைவூட்டலும் நிறைந்த ஆய்வுக்குள்ளேயே இந்த நிலை. 2019இல் வெளிவந்த வேறோர் அமெரிக்க ஆய்வு, ஆறு மாதத்துக்கு மேல் வராமல் போய்த் திரும்பியவர்களின் கண்களைப் பார்த்தது. லேசர் மட்டும் செய்திருந்த 46 கண்களில் இறுதியில் ஒன்றில்தான் விழித்திரை இழுபட்டுப் பிரிந்திருந்தது. ஊசி மட்டும் போட்டிருந்த 30 கண்களில் பத்தில் பிரிந்திருந்தது. எண்ணிக்கை சிறியது, ஆனால் வேறுபாடு புறக்கணிக்கக்கூடியது அல்ல. லேசர் ஒரு முறை முடித்தால் நிலைத்து நிற்கும். ஊசியின் காவல் மருந்து தீரும் வரைதான்.

நம் நோயாளி ஏன் வராமல் போகிறார் என்பதை ஊகிக்க ஆய்வு வேண்டியதில்லை. தேனிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வரும் மகனுக்கும் போகும். ஆள் இல்லாத மாதம் ஊசியும் இல்லை. சிறுநீரகமும் பழுதானவர் என்றால் டயாலிசிஸ் நாட்கள் குறுக்கே நிற்கும். மருந்து விலை தனிக் கதை. புற்றுநோய்க்கான குப்பியிலிருந்து சிறு அளவுகளாகப் பிரித்து எடுப்பதால் பெவாசிசுமாப் மலிவு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் அதைக் கண்ணுக்கான இன்றியமையாத மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிரித்தெடுப்பதில் அபாயமும் உண்டு: குஜராத்தில் 15 பேருக்குக் கண் பாதிக்கப்பட்டதை அடுத்து 2016 ஜனவரியில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அதன் கண் பயன்பாட்டுக்கு எதிராக எச்சரிக்கை விடுத்தார், அவ்வாண்டே அந்த எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. 2015இல் உள்நாட்டு ரானிபிசுமாப் வந்தபின் தேர்வு கூடியிருக்கிறது. என் கணிப்பில், குறித்த நாளில் போடப்படும் மலிவான மருந்து, பணம் சேர்ந்தபோது மட்டும் போடப்படும் உயர்ந்த மருந்தைவிடப் பெரும்பாலான கண்களுக்கு மேல்.

நீண்டகால நோயில் மருந்து நின்றுபோவதுதான் தலையாய சிக்கல் என்பதைத் தமிழ்நாடு அரசு உணர்ந்தே 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டு வரும் பணியாளரின் பதிவேட்டில் அடுத்த கண் ஊசித் தேதிக்கும் ஒரு கட்டம் ஒதுக்குவது பெரிய செலவு அல்ல.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஒப்புதல் படிவம் இன்று அபாயங்களின் பட்டியலாக மட்டும் இருக்கிறது. இன்றைய பார்வை எத்தனை எழுத்து, முதல் ஆண்டில் எத்தனை ஊசி எதிர்பார்க்கலாம், இரவில் வலித்தால் எந்த எண்ணை அழைப்பது என்பவை நோயாளியின் கையில் இருக்கும் சீட்டில் தமிழில் எழுதப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, அடுத்த ஆறு மாதம் தவறாமல் வர இயலுமா, அழைத்து வர ஆள் உண்டா என்று கேட்க வேண்டும். முற்றிய கட்டத்தில் உள்ள நோயாளி ‘இயலாது’ என்று சொன்னால், ஊசியை மட்டும் நம்பாமல் அவருக்கு லேசரையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.