பெயரும் பொருளும்: அரைத் தன்னியக்கத் துப்பாக்கியில் ஒலியடக்கியின் வரலாறு

தொழில்நுட்ப வரலாற்றை ஆராய்வோர் ஒரு கருவியின் இயல்பையும் அதற்கு இடப்பட்ட பெயரையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும். கருவி செய்யக்கூடியது ஒன்றாகவும் பெயர் தரும் வாக்குறுதி வேறொன்றாகவும் அமைந்துவிடும்போது, மக்களின் அச்சமும் அரசின் சட்டமும் பெயரையே பின்பற்றிச் செல்வதை நாம் காண்கின்றோம். துப்பாக்கியின் முனையில் பொருத்தப்படும் ஒலியடக்கியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 'மௌனமாக்கி' என்ற பொருள்படும் 'சைலென்சர்' என்னும் பெயருடன் சந்தைக்கு வந்த இக்கருவி, எக்காலத்திலும் துப்பாக்கியை மௌனமாக்கியதில்லை. அரைத் தன்னியக்கத் துப்பாக்கியோடு அது இணைக்கப்பட்டபோது இவ்வுண்மை மிகத் தெளிவாக வெளிப்பட்டது. எனினும் அப்பெயர் தோற்றுவித்த எண்ணம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்து நின்றது. அதன் விளைவுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தந்தையும் மகனும்

அரைத் தன்னியக்கத் துப்பாக்கி, ஒலியடக்கி ஆகிய இரண்டின் தொடக்க வரலாறும் ஒரே குடும்பத்தைச் சார்ந்திருப்பது வியப்புக்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1840இல் பிறந்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மக்சிம் பின்னர் இங்கிலாந்து சென்று குடியேறினார். துப்பாக்கி வெடிக்கும்போது சுடுவோனின் தோளைத் தாக்கும் பின்னுதைப்பு, அதுவரை வீணாகிய ஒரு விசையாகவே இருந்துவந்தது. அவ்விசையைக் கொண்டே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உட்செலுத்தலாம் என்பதை அவர் கண்டார். 1883இல் வின்செஸ்டர் துப்பாக்கியொன்றை இத்தத்துவத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தார். அடுத்த ஆண்டில் அதே தத்துவம் மக்சிம் இயந்திரத் துப்பாக்கியாக வளர்ச்சியுற்றது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 குண்டுகளைச் சுடவல்ல அப்பொறி, 1893ஆம் ஆண்டின் மத்தபெலே போரிலும் 1898இல் சூடானின் ஒம்டுர்மான் களத்திலும் ஆபிரிக்க மக்களை அழித்தொழித்த வரலாறு யாவரும் அறிந்ததே. அதன் ஓசைக்கு இடையறாது செவிகொடுத்த மக்சிம், தம் கேட்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்தார். தம் கண்டுபிடிப்பின் தீங்குக்குக் கண்டுபிடித்தவரே ஆளாகியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தந்தை இங்கிலாந்து சென்றபின் அமெரிக்காவிலேயே வளர்ந்த மகன் ஹைரம் பேர்சி மக்சிம் 1869இல் பிறந்தவர். மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1886இல் வெளியேறிய அவர், ஹார்ட்ஃபோர்ட் நகரில் மோட்டார் வண்டிகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். துப்பாக்கி சுடுவதில் தமக்கு விருப்பம் இருந்ததாயினும், அதன் ஓசை அயலாருக்குத் தொல்லையாக இருந்தமையே தம்மை இம்முயற்சியில் ஈடுபடுத்தியது என அவர் விளக்கினார். 1909 மார்ச் 30ஆம் திகதி அவருடைய ஒலியடக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. துப்பாக்கி முனையிலிருந்து சடுதியாக வெளிப்பாயும் வாயுவை ஒரு குழாயினுள் சுழலச்செய்து, அதன் வேகத்தைக் குறைத்து, மெல்ல வெளியேற விடுவதே அதன் தத்துவம். நம் நாட்டில் 'சைலென்சர்' என்றதும் நினைவுக்கு வரும் மோட்டார்ச் சைக்கிளின் புகைக்குழாய் உறுப்பும் வெளியேறும் வாயுவைத் தணிக்கும் இதே நோக்குடையதேயாகும்.

தந்தை துப்பாக்கியின் வீணான விசையைப் பயன்படுத்தினார். மகனோ அதன் வீணான ஓசையைத் தணிக்க முனைந்தார். இவ்விரு முயற்சிகளும் பிற்காலத்தில் ஒரே கருவியில் சந்தித்தபோது ஒன்றையொன்று இடர்ப்படுத்தின.

2. ஓசையின் கூறுகள்

வெடியோசை என நாம் ஒருமையிற் கூறுவது உண்மையில் பல ஓசைகளின் தொகுதியாகும். முதலாவது, குழலின் முனையில் வாயு வெடித்துப் பரவும் ஓசை. இரண்டாவது, ஒலியினும் விரைந்து செல்லும் குண்டு வளியைக் கிழித்துச் செல்வதால் எழும் அதிர்வலை. மூன்றாவது, துப்பாக்கியின் உறுப்புகள் தம்முள் மோதும் ஓசை. மக்சிம்மின் குழாய் இவற்றுள் முதலாவதை மட்டுமே தணிக்கவல்லது.

வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். வியட்நாம் போர்க்கால எம்-16 துப்பாக்கியின் குண்டு அதனினும் ஏறத்தாழ மும்மடங்கு வேகத்துடன் வெளியேறுவது. ஆதலின் அதன் அதிர்வலையை எக்குழாயாலும் தடுத்தல் இயலாது. ஒலியடக்கியற்ற றைபிளின் வெடியோசை சுடுவோனின் செவியருகே ஏறத்தாழ 160 டெசிபெல் அளவினதாகும். ஒலியடக்கி அதனை 20 முதல் 35 டெசிபெல் வரையில் குறைக்கும். எஞ்சும் ஓசையும் பேரோசையே. ஆயினும் திடீர் ஓசைகள் செவிக்கு உடனடித் தீங்கு விளைக்கும் எல்லையாகக் கொள்ளப்படும் 140 டெசிபெல்லுக்கு அது பெரும்பாலும் கீழிறங்கிவிடுகின்றது. ஆகவே இக்கருவி மௌனத்தைத் தரவல்லதன்று. செவிக்கு ஓரளவு பாதுகாப்பைத் தரவல்லது எனலாம்.

விசையை ஒவ்வொருமுறை இழுக்கும்போதும் ஒரு குண்டைச் சுட்டு, அடுத்ததைத் தானே உட்செலுத்திக் கொள்வது அரைத் தன்னியக்கத் துப்பாக்கி. இதில் மேலும் இரு சிக்கல்கள் எழுகின்றன. ஒவ்வொரு வெடியின் பின்னரும் அதன் பூட்டுறுப்பு தானாகவே பின்சென்று முன்வந்து மோதுவதால் உலோக ஓசை எழுகின்றது. மேலும், முனையில் தடுக்கப்பட்ட வாயு வெளியேறி முடியுமுன்னரே பூட்டுத் திறப்பதால், அவ்வாயுவின் ஒரு பகுதி பின்னோக்கிப் பாய்ந்து சுடுவோனின் முகத்தை அடைகின்றது. கரியும் உள்ளே படிகின்றது. கையாற் பூட்டை இயக்கும் துப்பாக்கியில் இவ்விரு குறைகளும் இல்லை.

3. சட்டத்தின் பார்வை

கருவியின் எல்லைகளைப் பொதுமக்கள் அறியுமுன்னரே அதன் பெயர் அவர்களை அடைந்துவிட்டது. முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ற் தம் வின்செஸ்டர் துப்பாக்கியில் மக்சிம் ஒலியடக்கியைப் பொருத்தியிருந்தார். மறுபுறம், ஓசையின்றிக் கொலை செய்வோர் பெருகுவர் என்ற அச்சமும், களவாக வேட்டையாடுவோர் பயன்பெறுவர் என்ற கவலையும் எழுந்தன. தந்தை மக்சிம் பிறந்த மெயின் மாநிலமே, மகன் காப்புரிமை பெற்ற 1909ஆம் ஆண்டில் ஒலியடக்கி பொருத்திய துப்பாக்கிகளுக்குத் தடை விதித்தது. வேறு மாநிலங்களும் அதனைத் தொடர்ந்தன.

1934இல் நிறைவேறிய தேசிய சுடுகலன் சட்டம் இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். மதுவிலக்குக் காலத்துக் குற்றக் கும்பல்களின் வன்செயல்கள் நாட்டை அதிரவைத்திருந்த வேளை அது. இயந்திரத் துப்பாக்கிகளோடு ஒலியடக்கியும் சட்டத்துள் அடக்கப்பட்டது. ஒவ்வொன்றையும் பதிவு செய்து 200 டொலர் வரி செலுத்தவேண்டுமென விதிக்கப்பட்டது. கருவியின் விலையிலும் அவ்வரி பன்மடங்காகும். இச்சட்டத்தின் தொடக்க வரைவு, மீள நிரப்பாமல் பன்னிரண்டோ அதற்கு மேற்பட்டோ குண்டுகளைச் சுடவல்ல அரைத் தன்னியக்கத் துப்பாக்கிகளையும் இயந்திரத் துப்பாக்கி என்ற வகைக்குள் கொண்டுவர முற்பட்டது. இறுதி வடிவில் அது கைவிடப்பட்டது. இயந்திரத் துப்பாக்கி நீங்கலாகக் குண்டுகளை விரைந்து பொழியும் பொறிகள் சட்டத்துக்கு வெளியே நிற்க, அவற்றின் ஓசையை ஓரளவு தணிக்கும் குழாய் சட்டத்துள் அகப்பட்டது. நாடாளுமன்ற விசாரணைகளில் ஒலியடக்கி பற்றி மிகச் சிறிதளவே பேசப்பட்டது என்பதும் கருதத்தக்கது. மக்சிம்மின் நிறுவனம் ஏற்கனவே துப்பாக்கியை விட்டுப் பொறிகளின் இரைச்சலைத் தணிக்கும் துறைக்கு மாறியிருந்தது. அவர் 1936இல் காலமானார்.

4. போர்க்களத்தின் தீர்ப்பு

அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. இரண்டாம் உலகப்போரில் மறைமுகத் தாக்குதல்களுக்கென ஒலியடக்கிய ஆயுதங்கள் உருவாக்கப்பட்டன. ஆயின் அவற்றின் அமைப்பை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும்: மெய்யாகவே மௌனத்தை வேண்டியோர் தன்னியக்கத்தைக் கைவிட்டனர். பிரித்தானிய டி லீல் துப்பாக்கி கையாற் பூட்டை இயக்கும் வகையினது. ஒலியினும் மெதுவாகச் செல்லும் கைத்துப்பாக்கித் தோட்டாவையே அது பயன்படுத்தியது. வெல்ரொட் கைத்துப்பாக்கியும் கையால் இயக்கப்படுவதே. சோவியத் படையினர் மொசின் துப்பாக்கியில் பொருத்திய பிரமிற் கருவிக்கு வலுக்குறைந்த தனித் தோட்டா வேண்டியிருந்தது. தானாகச் சுடவல்ல ஸ்டென் துப்பாக்கியின் ஒலியடக்கிய வகையைக் கூட, தனித்தனி வெடிகளாகச் சுடுமாறே அறிவுறுத்தினர்.

வியட்நாம் போரில் நிலை மாறியது. 1969 முதல் அமெரிக்கக் குறிசுடுநர் பயன்படுத்திய எம்-21 அரைத் தன்னியக்கத் துப்பாக்கியில் 'சயோனிக்ஸ்' நிறுவனத்தின் ஒலியடக்கி பொருத்தப்பட்டது. முழு வலுவுள்ள தோட்டாவின் அதிர்வலை அங்கும் ஒலித்தது. ஆயினும் அவ்வோசை எத்திசையிலிருந்து எழுந்ததெனக் கண்டறிதல் எதிரிக்கு அரிதாயிற்று. முனையிற் தோன்றும் தீப்பிழம்பும் மறைந்தது. ஒலியை மறைக்க இயலாத கருவி சுடுவோனின் இடத்தை மறைத்தது. அரைத் தன்னியக்கத் துப்பாக்கியில் ஒலியடக்கியின் மெய்யான இராணுவப் பயன் இதுவேயாகும். கொல்லும் ஆற்றலை அது குறைக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

5. செவியின் வினா

இவ்வாதங்களுக்கிடையே நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்தது சுடுவோனின் செவியாகும். அமெரிக்காவில் முன்னாள் படையினர் இழப்பீடு பெறும் குறைபாடுகளுள் செவியிரைச்சலும் கேட்டற்குறைவும் முன்வரிசையில் உள்ளன. 2020இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் தம் போரணிகளுக்கு ஒலியடக்கிகளைப் பரவலாக வழங்கத் தொடங்கினர். 2022இல் அமெரிக்கத் தரைப்படை தெரிவுசெய்த புதிய துப்பாக்கி ஒலியடக்கியுடனேயே வழங்கப்படுகின்றது. வாயு பின்னோக்கிப் பாயாது முன்னோக்கியே வெளியேறும் வடிவங்களும் ஆக்கப்பட்டுள்ளன. நோர்வே, பின்லாந்து முதலிய நாடுகளில் வேட்டையாடுவோர் இதனைப் பொருத்துவது அயலாருக்குச் செய்யும் மரியாதையாகவே கருதப்படுகின்றது. அமெரிக்காவில் 2025இல் இயற்றப்பட்ட சட்டம் 200 டொலர் வரியை 2026 சனவரி முதலாம் திகதியிலிருந்து நீக்கியது. எனினும் பதிவு செய்யும் விதி நீடிக்கின்றது.

இக்கருவியை இன்று எதிர்ப்போரும் ஆதரிப்போரும் பெயரின் பிடியிலிருந்து முற்றாக விடுபட்டவரல்லர். எதிர்ப்போர் அது தராத மௌனத்தை எண்ணி அஞ்சுகின்றனர். ஆதரிப்போரோ செவிப் பாதுகாப்பை முன்னிறுத்தி, சுடுவோனை மறைக்கும் அதன் இயல்பைக் கூறாது விடுகின்றனர். விற்பனைக்காக மக்சிம் தெரிந்தெடுத்த ஒரு சொல், அவருடைய கருவி செய்யவல்லதை மறைத்து, செய்யவியலாததை மக்கள் மனத்தில் நிலைநாட்டியது. ஒரு கருவியைத் தடைசெய்வதாயினும் அனுமதிப்பதாயினும், அது யாரை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை அளந்தறிந்த பின்னரே முடிவுசெய்தல் வேண்டும். அவ்வளவீடு இன்றியே 1934இல் சட்டம் எழுதப்பட்டது. தன் துப்பாக்கியின் ஓசையால் செவியிழந்த தந்தை மக்சிம்மின் அனுபவம் படைமுகாம்களில் தொடர்ந்து மீள நிகழ்ந்துகொண்டிருந்தது.