முகர்வுச் சோதனையும் மொழியும்: ஒரு வரலாற்று நோக்கு

மூளை நரம்புகளுள் முதலாவதாக எண்ணப்படுவது முகர்வு நரம்பு. ஆயினும் அவ்விடம் அதற்கு எளிதிற் கிட்டவில்லை. கிரேக்க மருத்துவர் கேலன் வகுத்த ஏழு இணைகளுள் அது இடம்பெறவில்லை. ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-இல் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூலே அதனை முதல் இணையாக வைத்தது. நரம்பு இனங்காணப்பட்ட பின்னரும், அதன் செயலை அளக்கும் கருவி தோன்ற இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயின.

1888-இல் நெதர்லாந்து உடலியங்கியலாளர் ஹெண்ட்ரிக் ஸ்வார்டமேக்கர் அத்தகைய கருவியொன்றை அமைத்தார். கண்ணாடிக் குழாயொன்றின்மேல், மணமுள்ள பொருளாலான உருளை நகரும். கந்தகமூட்டிய இரப்பர் அப்பொருள்களுள் ஒன்று. இரப்பரோடு வரலாறு பிணைந்த நமக்கு இது சுவையான செய்தி. உருளையை வெளியே நகர்த்துந்தோறும் அதன் உட்பரப்பு மிகுதியாகக் காற்றிற் படும், மணமும் வலுக்கும். மணம் முதன்முதலாகப் புலப்படும்போது உருளை நகர்ந்துள்ள நீளமே அளவு. இங்கு நோயாளி ‘உணர்கிறேன்’ என்றால் போதும். இன்ன மணம் எனப் பெயர் கூறவேண்டியதில்லை.

இந்நிலை 1984-இல் மாறியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டியும் அவர்தம் குழுவினரும், சுரண்டினால் மணம் வெளிப்படும் 40 தாள்களைக் கொண்ட சோதனையை உருவாக்கினர். ஒவ்வொரு மணத்திற்கும் நான்கு விடைகள் தரப்பெறும். ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். முகர்வை முற்றிலும் இழந்தவரும் தற்செயலாக ஏறத்தாழ 10 விடைகளைச் சரியாகக் கூறிவிடுவார். அதனினும் மிகக் குறைந்தால் அவர் நடிக்கிறார் என ஐயுறலாம். நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் அம்மணங்களுள் ‘ரூட் பீர்’ என்னும் அமெரிக்கப் பானமும் சதகுப்பை இலையிட்ட வெள்ளரி ஊறுகாயும் உள்ளன. ஈப்போவில் வளர்ந்த முதியவர் ஒருவர் அவற்றை இனங்காணத் தவறினால், அதனை அவர்தம் நரம்பின் பழுதென்று கொள்ளலாமா? 2020-இல் கோவிட்-19 நோயின் அறிகுறியாக முகர்விழப்பு பரவலாக அறியப்பட்ட பின், இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று.

இக்குறையைக் களையும் நோக்குடன், பல பண்பாட்டினர்க்கும் பொதுவெனக் கருதப்பட்ட 12 மணங்களைக் கொண்ட சுருக்கச் சோதனை 1996-இல் வெளிவந்தது. அம்மணங்களே பின்னர் நம் தீபகற்பத்து ஜஹாய் மக்களிடம் வந்தன. அசிஃபா மஜீத், நிக்லாஸ் புரென்ஹுல்ட் ஆகியோரின் 2014-ஆம் ஆண்டு ஆய்வில், ஜஹாய் மொழியினர் நிறங்களைப் போன்றே மணங்களையும் தயக்கமின்றிப் பெயரிட்டனர். ஆங்கிலம் பேசும் அமெரிக்கரோ, தமக்குப் பழகிய இலவங்கப்பட்டைக்கே நீண்ட, ஒன்றோடொன்று பொருந்தாத விளக்கங்களைத் தந்தனர். அவர்கள்தம் நரம்பிற் குறையில்லை, சொல்லிலேதான் குறை. புலியை ஈர்க்கும் குருதி மணத்திற்கென்றே ஜஹாயில் தனிச்சொல் உண்டு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

தமிழிலும் கவிச்சி, முடை, வீச்சம் எனப் பொருட்பெயர் சாராத சொற்கள் உள. குறளில் மலர்மணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று இழிபொருள் பெற்றுவிட்டது. ஆகவே, சோதனைத் தாளைத் தமிழாக்க முனைவோர் ஊறுகாயை மாற்றிக் கறிவேப்பிலையை இடுவதோடு அமையாது, இத்தகு சொற்களையும் விடைகளாக வைத்துப் பார்க்கலாம் என்பது எம் கருத்து.