கொழும்பில் ஊழலுக்கு எதிரான சட்டத்தரணிகள்

இலங்கையில் இலஞ்சத்துக்கென வந்த தனிச்சட்டம் 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டமாகும். 1958இல் அது திருத்தப்பட்டு இலஞ்ச நியாயசபைகள் உருவாகின. அவற்றின் உறுப்பினர்களை நீதிச் சேவை ஆணைக்குழு தெரிவுசெய்யவில்லை. அமைச்சரின் ஆலோசனைப்படி நியமனம் நடந்தது. அத்தகைய நியாயசபையால் தண்டிக்கப்பட்ட ரணசிங்க என்பவர் இதை எதிர்த்து இலங்கை உயர் நீதிமன்றத்தில் வென்றார். இலஞ்ச ஆணையாளர் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்தார். அரசியலமைப்பைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு பெரும்பான்மையின்றி அந்த நியமன முறையை ஏற்படுத்த முடியாது என 1964இல் அங்கும் தீர்ப்பானது. ஊழலை ஒடுக்கும் அமைப்பும் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதை நாடு அப்போதே கற்றிருக்க வேண்டும்.

அரசுக்கு வெளியே சட்டத்தரணிகள் அமைப்பு ரீதியாகத் திரண்டது பின்னர்தான். 1971 கிளர்ச்சியை அடுத்து சிவில் உரிமைகள் இயக்கம் தோன்றியது. அரசியலமைப்புச் சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம், 1982இல் கொழும்பில் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையமும் சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளையும் உருவாவதில் முன்னின்றார். வழக்காடுவதோடு ஆய்வும் சட்டச் சீர்திருத்தமும் சட்டத்தரணியின் பணியே என்று காட்டியவர் அவர். 1999 யூலை 29 அன்று கொழும்பில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். தமிழ்ச் சமூகம் இழந்தது ஈடுசெய்ய முடியாதது.

இத்தகைய அமைப்புகளுக்கு வலுவான கருவியானது 1978 அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. நிர்வாகத்தால் அடிப்படை உரிமை மீறப்பட்டவரோ அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோ ஒரு மாதத்துக்குள் நேரே உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். எப்பாவல பொஸ்பேற்று அகழ்வை எதிர்த்து ஊர்வாசிகள் தொடுத்த வழக்கில், இயற்கை வளங்களுக்கு அரசு மக்களின் காப்பாளரே என 2000இல் நீதிமன்றம் விளக்கியது. பொதுத் தேவைக்கெனச் சுவீகரித்த பத்தரமுல்லைக் காணி தனியாருக்குக் கைமாறிய வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில், முன்னாள் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என 2008இல் தீர்ப்பளித்தது.

2002இல் தொடங்கிய ஊழல் எதிர்ப்பு அமைப்பான ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் ஸ்ரீலங்காவை ஆரம்ப ஆண்டுகளில் நடத்தியவர், அடிப்படை உரிமை வழக்குகளில் தேர்ந்த சட்டத்தரணி ஜே.சி. வெலியமுன. 2008 செப்ரெம்பரில் அவருடைய வீட்டின் மீது கைக்குண்டு வீசப்பட்டது. அந்நாட்களில் இத்தகைய அமைப்பை நடத்துவதற்குச் சட்ட அறிவு மட்டும் போதவில்லை.

அரச தரப்பில் 1994ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலஞ்ச, ஊழல் விசாரணைக்கான நிரந்தர ஆணைக்குழுவொன்றை அமைத்தது. ஆனால் முறைப்பாடு வராமல் அதனால் விசாரணை தொடங்க இயலவில்லை. அந்தக் குறையை 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நீக்கியது. அதற்கு முன்பே, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு ஆவணங்களைக் கேட்கும் உரிமையைத் தந்திருந்தது.

2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பானோரைக் கேள்விக்குட்படுத்தி ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனலும் மூன்று குடிமக்களும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2023 நவம்பர் 14 அன்று, முன்னாள் ஆட்சியாளர்களான கோத்தாபய, மகிந்த, பசில் ராஜபக்ச ஆகியோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உள்ளிட்டோர் பொது நம்பிக்கையை மீறினர் என நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் தீர்த்தது. நட்டஈடு விதிக்கப்படவில்லை, மனுதாரர்களுக்குத் தலா 1,50,000 ரூபா வழக்குச் செலவு வழங்க உத்தரவிடப்பட்டது.