திறக்க முடிந்த செருகி: இந்திய வீட்டு ஒலிக்கருவிகளும் பழுதுநீக்கத்தின் வரலாறும்

இந்தியாவில் ஒலிக்கேட்பின் வரலாறு பெரும்பாலும் ஒலிபரப்பு நிலையங்களையும் இசைத்தட்டு நிறுவனங்களையும் கலைஞர்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. வீட்டுக் கூடத்திலிருந்த கருவி பல ஆண்டுகள் தொடர்ந்து ஒலித்தது எவ்வாறு என்ற கேள்வி அதில் அரிதாகவே எழுப்பப்படுகிறது. அக்கேள்விக்கு விடைதேடத் தொடங்குவதற்கு உகந்த இடம், தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் 'லூஸ் கனெக்‌ஷன்' என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் மிகச் சிறிய பழுதாகும்.

ஒலிக்கருவிகளை இணைக்கும் செருகிகள் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. ஆம்பிளிஃபயர்களிலும் மைக்குகளிலும் காணப்படும் 6.35 மில்லிமீட்டர் ஜாக், 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களிலிருந்து வந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882இல் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டபோது அவற்றுக்கும் இசைக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆர்சிஏ செருகி, கிராமஃபோன் பிக்கப்பை வானொலிப் பெட்டியுடன் இணைப்பதற்காக அமெரிக்காவில் உருவானது. 'ஃபோனோ' என்ற அதன் மறுபெயரில் அந்நோக்கம் இன்றும் தங்கியிருக்கிறது. ஐந்து ஊசிகள் கொண்ட டின் செருகி, ஜெர்மன் தர நிர்ணய நிறுவனத்தின் பெயரைத் தாங்கி ஐரோப்பிய டேப் ரெக்கார்டர்களுடன் வந்தது. 3.5 மில்லிமீட்டர் ஜாக், டிரான்சிஸ்டர் வானொலியின் காதுகருவியோடு பரவியது. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மேசையில் இவை நான்கும் ஒன்றுகூடியபோது, ஒன்றை மற்றொன்றோடு பொருத்தும் வேலை தெருமுனைப் பழுதுபார்ப்பவரிடம் வந்து சேர்ந்தது.

இப்பழுதின் இயல்பு எளியது. கேபிள் செருகிக்குள் நுழையும் இடத்திலேயே அது அதிகம் வளைகிறது. அங்கே மெல்லிய செப்பிழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. நடுக்கம்பி அறுந்தால் ஒருபக்க ஸ்பீக்கர் மௌனமாகிறது. வெளிவலை அறுந்தால் மின்னோட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் இசையை மூழ்கடிக்கிறது. கடற்கரை நகரங்களின் உப்புக்காற்றில் உலோகப் பரப்பு மங்குவதும் இதே அறிகுறிகளைத் தரும். செருகியைச் சில முறை சுழற்றினால் ஒலி திரும்புவது, தேய்ப்பினால் அப்பரப்பு சற்றே தூய்மையாவதால்தான்.

நீக்கும் முறையும் எளியதே. செருகியின் மூடியைத் திருகிக் கழற்றி, நைந்த பகுதியை வெட்டி, புதிய முனையை உரித்து, நடுக்கம்பியை முனைக்கும் வெளிவலையை உடலுக்கும் ஈயப்பற்று வைக்க வேண்டும். மூடியை முன்னதாகவே கேபிளில் கோத்துக்கொள்ளாதவர் பற்றவைத்ததைப் பிரித்து மீண்டும் தொடங்க நேரிடும். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் உருகும். கம்பி போதிய அளவு சூடேறாமல் அதன்மீது பற்றாசு மட்டும் உருகிப் படிந்தால் 'டிரை சால்டர்' ஆகி, சில நாட்களில் பழுது திரும்பிவிடும். கைப்பழக்கம் தேவைப்படுவது இங்கேதான்.

அக்கைப்பழக்கத்திற்கு நிறுவன வடிவமும் இருந்தது. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியாகத் தொழிற்பயிற்சி நிலையங்கள் பரவின; வானொலி, தொலைக்காட்சி மெக்கானிக் பயிற்சி அவற்றின் பாடப்பிரிவுகளுள் ஒன்றாயிற்று. 1969இல் டெல்லியிலிருந்து 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' இதழ் வெளிவரத் தொடங்கியது. பம்பாயின் லாமிங்டன் சாலை, டெல்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட், சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை உதிரிபாகங்களின் சந்தைகளாக வளர்ந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உயர்ந்த சுங்கவரியும் நிலவிய அப்பொருளாதாரத்தில், கருவியை மாற்றுவதைவிடப் பழுதுபார்ப்பதே இயல்பான தெரிவாக இருந்தது.

ஆவணங்களோ வேறொன்றையே பதிவுசெய்தன. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் தேவை. 1980களில் அம்முறை கைவிடப்படும்வரை அஞ்சலகங்களில் கட்டணம் செலுத்தப்பட்டு வந்தது. இவ்வுரிமங்களைக் கொண்டு நாட்டில் எத்தனை பெட்டிகள் இருந்தன என்று அரசு கணக்கிட்டது. ஒரு பெட்டி எத்தனை முறை திறக்கப்பட்டது, யாருடைய கையால் மீண்டும் பேசியது என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை. ஆகவே உரிமங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு கேட்போர் வரலாற்றை எழுதும் ஆய்வு, உடைமையைக் கேட்பாகப் பிழையாகக் கருதும் இடருக்கு உள்ளாகிறது.

செருகியின் வடிவமே இதற்கு ஒரு மாற்றுச் சான்றாகும். திருகுமூடி உள்ள செருகி, என்றேனும் ஒருவர் தன்னைத் திறப்பார் என்ற எதிர்பார்ப்போடு செய்யப்பட்டது. கேபிளோடு சேர்த்து வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் செருகியில் அவ்வெதிர்பார்ப்பு இல்லை. அதை வெட்டியெறிந்து வேறொன்றைப் பொருத்தலாமே தவிரத் திறக்க இயலாது. 2016இல் ஐஃபோன் 7 ஜாக் துளையையே கைவிட்டபோது இப்போக்கு மேலும் ஓரடி முன்சென்றது. கம்பியில்லாக் காதுகருவியில் லூஸ் கனெக்‌ஷன் இல்லை. ஆனால் ஒட்டி மூடப்பட்ட அதன் மின்கலம் தளர்ந்தால் பற்றவைப்புக்கோலுக்கு அங்கே எளிதில் இடமுமில்லை.

2022இல் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்க உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகியவை அதன் கவனத்துக்குரிய துறைகளாயின. இவ்விவாதம் நுகர்வோரின் உரிமை என்ற அளவில் நின்றுவிடுவது போதாது. உதிரிபாகமும் விளக்கக் கையேடும் கிடைத்தாலும், பற்றவைக்கத் தெரிந்த கை இல்லையேல் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கும். ரிச்சி தெருவிலும் லாமிங்டன் சாலையிலும் அத்தகைய கைகள் இன்றும் உள்ளன. அவர்களுடைய நினைவுகளும் கருவிகளும் ரசீதுப் புத்தகங்களும் இந்திய ஒலி வரலாற்றின் மூல ஆவணங்கள் என்ற தகுதியைப் பெற வேண்டும். வாய்மொழி வரலாற்றில் ஈடுபடும் இளம் ஆய்வாளர்களுக்கு இது காலம் தாழ்த்த இயலாத பணி.