பந்தயம் ஊருக்கு, இலாபம் யாருக்கு?

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஒரு நகரத்தில் பெரிய விளையாட்டுப் போட்டி நடக்கும்போது ஹோட்டல்காரர்கள் செய்வதும் அதுதான். அறை வாடகையை ஏற்றுகிறார்கள். ஆனால் அந்தக் காற்றை வரவழைக்கச் செலவு செய்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. சிங்கப்பூரில் அந்தக் கேள்வி 2008ஆம் ஆண்டில் வெளிப்படையாக எழுந்தது.

ஹோட்டல் அறை ஒரு விசித்திரமான சரக்கு. அரிசியைப்போல மூட்டை கட்டிவைத்து நாளைக்கு விற்க முடியாது. இன்றிரவு காலியாகக் கிடந்தால் அந்த வருமானம் போனது போனதுதான். போட்டி வாரத்துக்கென்று புதிதாக நூறு அறைகளைக் கட்டிவிடவும் முடியாது. ஆட்கள் திடீரென்று பெருகுகிறார்கள், அறைகளோ அதே எண்ணிக்கைதான். வாடகை ஏறாமல் என்ன செய்யும்?

ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் முதல் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் 1999 அக்டோபர் 17ஆம் தேதி நடந்தது. அந்தத் தடம் விமான நிலையத்துக்கு அருகில், கோலாலம்பூருக்கு வெகுதொலைவில் இருக்கிறது. ஆகவே, தங்க இடம் தேடியவர்கள் தலைநகரின் பல பகுதிகளுக்கும் பிரிந்து போக முடிந்தது. வருமானம் செலவுக்கு ஈடாகவில்லை என்று சொல்லி, 2017ஆம் ஆண்டோடு அரசாங்கம் அந்தப் பந்தயத்தை முடித்துக்கொண்டது.

சிங்கப்பூரின் கதை வேறு. 2008 செப்டம்பர் 28ஆம் தேதி, ஃபார்முலா ஒன் வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் மரினா பே நகரச் சாலைகளிலேயே நடந்தது. சாலையோர ஹோட்டல்கள் சிலவற்றில் அறை சன்னலே பார்வையாளர் மாடம் ஆகிவிட்டது. அப்படிப்பட்ட அறைக்கு என்ன விலை சொன்னாலும் கொடுக்க ஆள் இருந்தது.

ஆண்டுக்குச் சுமார் 150 மில்லியன் வெள்ளி என்று மதிப்பிடப்பட்ட பந்தயச் செலவில் 60 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அது பொதுமக்கள் பணம். எனவே, பந்தயத்தால் கூடுதல் வருமானம் பெறும் ஹோட்டல்கள் செலவில் பங்கு தரவேண்டும் என்று தீர்மானித்தார்கள். பந்தய நாள்களின் அறை வருமானத்தில், தடத்தை ஒட்டிய ஹோட்டல்களுக்கு 30 விழுக்காடும் மற்ற ஹோட்டல்களுக்கு 20 விழுக்காடும் தீர்வை விதித்தார்கள். தைப்பூசத்தில் கடை போடுகிறவர் இடத்துக்குக் கட்டணம் கட்டுவதில்லையா? அதே நியாயம்தான்.

நடந்தது என்ன? தடத்தருகே இருந்தவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். தள்ளியிருந்த ஹோட்டல்கள் பல, எதிர்பார்த்த அளவு நிரம்பவில்லை. பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் நொடித்துப்போயிருந்தது. உலகமே பணத்தைக் கையில் இறுக்கிப் பிடித்த நேரம். அதோடு முன்கூட்டியே ஏற்றிச் சொன்ன வாடகையும் பலரை விரட்டியது. அடுத்த ஆண்டே தீர்வை விகிதம் குறைக்கப்பட்டது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. போட்டி பார்க்க ஒருவர் வரும்போது, வழக்கமாக வருகிற இன்னொருவர் ஒதுங்கிக்கொள்கிறார். கூட்டத்துக்கும் விலைக்கும் அஞ்சி, வணிகர் தம் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார். குடும்பத்தோடு சுற்றிப்பார்க்க வருகிறவர் வேறு ஊருக்குப் போகிறார். 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின்போது லண்டனிலும் இதே நிலைதான். ஏற்பாட்டாளர்கள் பிடித்துவைத்திருந்த அறைகளில் ஒரு பகுதியைப் போட்டிக்கு ஆறு மாதம் முன்பே ஹோட்டல்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதம் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவரின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடச் சுமார் 5 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவர்கள் செலவழித்த தொகை கூடியது. அதாவது, செலவாளிகள் வந்தார்கள். சாதாரணப் பயணிகள் வரவில்லை. அந்தச் சாதாரணப் பயணியை நம்பிப் பிழைப்பவர்தானே சிறிய ஹோட்டல்காரரும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரரும்?

கோவிட் காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் நின்றுபோன சிங்கப்பூர்ப் பந்தயம், 2022இல் திரும்பியபோது மூன்று நாள்களில் 302,000 பேரை ஈர்த்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் கூட்டத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் கணக்கு முடியாது. வராமல் போனவர்களையும் எண்ணவேண்டும். வந்த பணம் எந்தத் தெருவோடு நின்றது என்றும் பார்க்கவேண்டும்.

நாளை நம் ஊருக்கு ஒரு பெரிய போட்டி வருகிறது என்றால் கை தட்டுவோம், தவறில்லை. கூடவே, பந்தல் போட்ட செலவு யாருடையது, அதன் நிழலில் கடை விரித்தவர் எவ்வளவு திருப்பித் தருகிறார் என்றும் கேட்போம்.